எலுமிச்சம்பழமும் வீல் சிலிண்டரும்

பழைய கார் ஒன்றை விற்கப்போவதாகத் திண்டுக்கல்லில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். பிரேக் பிடிக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? சேசிஸில் துரு ஏறியிருக்கிறதா என்று? "ராசியான வண்டியாச்சே, அதையா குடுக்கப் போறீங்க?" என்பார் ஒருவர். "அப்பா ஓட்டுன வண்டி, எப்படித்தான் மனசு வருதோ" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், யாருமே கேட்காத ஒன்றை நான் உங்களிடம் கேட்கிறேன். அந்த வண்டியைக் காசு கொடுத்து வாங்கி, பிள்ளைகுட்டியை ஏற்றிக்கொண்டு போகப்போகிற மனிதரிடம், அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பீர்களா?

உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். யோசியுங்கள்.

வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, திரும்பப் பூட்டி, ஓடவிட்டு, பிறகு கைமாற்றிவிட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஹெரால்ட் தமிழ்நாட்டில் கட்டிய கார். சுதந்திரம் வந்த அடுத்த ஆண்டே, 1948இல், சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே செய்யத் தொடங்கியது. உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. எஞ்சின். பானட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் சாய்த்தால் எஞ்சின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு இதைவிட மரியாதை கொடுத்த கார் அன்றைக்கு இந்தியாவில் ஓடவில்லை. திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985 செப்டம்பர் 15ஆம் நாள். நான் பிரித்துப் பூட்டிய வண்டி அதற்கு வெகுகாலம் முன்பே மதுரை மாவட்டத்து நம்பரில் இந்த ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் ஆசை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசை நிறையவே இருந்தது. அந்த ஆசையோடுதான் சொல்கிறேன்: வண்டிக்கு நம்மை நினைவிருக்காது. அதற்கு நாம் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. கடன் எல்லாம் மனிதர்களிடம்தான்.

முதலில் ராசியைப் பார்ப்போம். அப்பா இருபது வருடம் ஓட்டினார், ஒரு கீறல் விழவில்லை, அதனால் ராசியான வண்டி என்கிறீர்கள். கீறல் விழாமல் பார்த்துக்கொண்டது யார்? காலையில் பிரேக் ஆயில் மட்டம் பார்த்தது யார்? மழை நாளில் வேகத்தைக் குறைத்தது யாருடைய கால்? சந்து திரும்பும்போது, சைக்கிளில் வரும் பையனுக்காக நின்றது யாருடைய கண்? ஒரு மனிதரின் வாழ்நாள் கவனத்தை அவரிடமிருந்து பிடுங்கித் தகரத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ராசி என்று பெயரும் வைத்துவிட்டு, அப்பாவை மதிக்கிறோம் என்று எப்படிச் சொல்கிறோம்? ராசி என்பது கவனித்து ஓட்டியவருக்கு நாம் செய்யும் துரோகம். கவனிக்காமல் ஓட்டியவருக்கு அது தப்பிக்கும் வழி. கெட்ட நேரம் என்று சொல்லிவிட்டால் தேய்ந்த பிரேக் லைனரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்தவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். இரவில் டூ வீலரில் வேலை முடிந்து வருகிறவர் அந்தச் சதையில் வழுக்கி விழுகிறார். யாருக்கு வந்த திருஷ்டி யாருக்குப் போயிற்று? இதைப் பார்த்துக்கொண்டே ஆண்டுதோறும் உடைக்கிறோமே, நம்முடைய மனசாட்சி எங்கே போயிற்று?

வண்டியை நிறுத்துவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டருக்குப் போகிறது. அதற்குள் ஒரு சின்ன ரப்பர் கப் இருக்கிறது. அது பிஸ்டனைத் தள்ள, லைனர் போய் டிரம்மில் உரசுகிறது. அந்த ரப்பர் கப் காய்ந்து இறுகிவிட்டால் ஆயில் கசியும். இன்றைய கார்களில் பிரேக் குழாய் இரண்டு தனி வரிசையாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். அறுபதுகளின் ஹெரால்டிலும் அம்பாசடரிலும் ஒரே வரிசைதான். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் போச்சு. இன்னொன்றும் சொல்கிறேன்: பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கினால், டிரம் சூடேறி, அந்த ஈரம் குழாய்க்குள் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தலாம், அது சுருங்கிக்கொள்ளும். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அந்த வளைவில் எலுமிச்சம்பழம் என்ன செய்யும்? ஒரு ரப்பர் கப்பை மாற்ற ஆகும் செலவு, பூஜைக்கு வாங்கும் மாலைக்கு ஆவதைவிட எத்தனை மடங்கு பெரிது? கணக்குப் போட்டுப் பாருங்கள், வெட்கமாக இருக்கும்.

"அந்தக் காலத்து இரும்பு சார், மோதினாலும் ஒண்ணும் ஆகாது" என்பது அடுத்த பெருமை. வண்டிக்கு ஒன்றும் ஆகாது, சரி. உள்ளே இருப்பவருக்கு? மோதலின் வேகத்தை ஏதாவது ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். தகரம் நசுங்கி வாங்கவில்லை என்றால் விலா எலும்பு வாங்கும். காரின் முன்பக்கமும் பின்பக்கமும் வேண்டுமென்றே நசுங்க வேண்டும், நடுவில் மனிதர் உட்காரும் கூடு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்று பேலா பாரெனி என்ற பொறியாளர் மெர்சிடீஸ் பென்ஸில் யோசித்து 1950களிலேயே காப்புரிமை பெற்றார். நம்மூர் அறுபதுகளின் கார்களுக்கு அந்த யோசனை வந்து சேரவில்லை. ஸ்டீயரிங் தண்டு நேராக நெஞ்சைக் குறிவைத்து நிற்கும். சீட் பெல்ட் கிடையாது. இந்தியாவில் கார்களின் முன் சீட்டுக்கு அதைக் கட்டாயமாக்கியதே 1994இல்தான். இப்படி ஒரு வண்டிக்குக் கல்யாணத்துக்காகப் பூமாலை சுற்றி, மாப்பிள்ளை பெண்ணோடு நாலு குழந்தைகளையும் திணித்து, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே விடுகிறோம். பழைய வண்டி அழகு, ஒப்புக்கொள்கிறேன். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு குழந்தையை ஆபத்தில் உட்கார வைக்கலாமா?

பாரம்பரியம் என்கிறார்கள். யாருடைய பாரம்பரியம்? அறுபதுகளில் திண்டுக்கல்லில் கார் யாரிடம் இருந்தது? மில் முதலாளி, தோல் மண்டிக்காரர், பெரிய டாக்டர், நிலக்கிழார். பணம் கட்டிவிட்டுக் காருக்காக வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அந்தக் காரின் பின் சீட்டில் யார் உட்கார்ந்தார்கள் என்று குடும்பங்களில் கதை சொல்வார்கள். யாரை ஏற்றவில்லை என்ற கதையை யாராவது சொல்லியிருக்கிறார்களா? டிரைவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்? அவருக்குத் தனித் தட்டா, தனி டம்ளரா? கார் பளபளவென்று நிற்கும் பழைய போட்டோவில் அவர் ஓரமாக, பாதி வெட்டுப்பட்டு நிற்பார். அவர் பெயர் என்ன என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நம்பர் பிளேட்டைத் தப்பில்லாமல் சொல்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது.

கட்டியவர்களின் கதையும் அப்படித்தான். ஸ்டாண்டர்ட் கம்பெனி 1980களின் கடைசியில் உற்பத்தியை நிறுத்தியது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் அந்தத் தொழிற்சாலை நின்ற நிலத்தில் இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. அம்பாசடர் செய்த மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே 24 அன்று வேலையை நிறுத்தியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். மூன்றாண்டு கழித்து, அம்பாசடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்ஸ் நாட்டு பேஜோ கம்பெனிக்கு விற்பனையானது. பெயருக்கு அந்த விலை கிடைத்ததைப் பற்றி ஊரெல்லாம் ஆச்சரியமாகப் பேசினோம். கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்களைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் தன் கடைசிப் பேச்சைப் பேசும் வரை, தள்ளாத வயதிலும் வேனில் ஊர் ஊராகச் சுற்றினார் பெரியார். அவருக்கு வண்டி என்பது ஜனங்களிடம் போய்ச் சேர உதவிய கருவி, அவ்வளவுதான். கருவியை நன்றாக வைத்துக்கொள்வது அறிவு. அதன் முன் கைகூப்பி நிற்பதை என்னவென்று சொல்வது?

இப்போது கொட்டகைக்குள் வாருங்கள். பழைய காரை "நானே புதுப்பித்தேன்" என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த 'நான்' யார்? கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருப்போம். டெல்கோவில் பாயிண்ட் வைத்திருப்போம். ஃப்ளோர் தகரம் அரித்துப்போன இடத்தில் புதுத் துண்டு வெட்டி வெல்டிங் வைத்தது டிங்கர். வால்வு சீட் போட்டது லேத் பட்டறைக்காரர். கதவுக் கீலுக்காகச் சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் இரும்புக் குவியலைக் கிளறியது வேறு யாரோ. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஊரின் பெயர் நிலைத்தது. அரம் பிடித்துத் தேய்த்த கையின் பெயர் எந்தப் பூட்டிலும் கிடையாது. கார் விஷயத்திலும் நாம் அதையேதான் செய்கிறோம். போட்டோவில் உரிமையாளர் சாய்ந்து நிற்பார். அறுபது வயது டிங்கரை அதே உரிமையாளரின் இருபது வயது மகன் "ஏம்ப்பா, இங்க வா" என்று கூப்பிடுவான். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே, உங்கள் காதில் எதுவும் உறைக்கவில்லையா?

எங்கள் வண்டிக்கு வேலை பார்த்த டிங்கர் அண்ணனோடு ஒரு நாள் பெயிண்ட் சுரண்ட ஒரு பையன் வந்தான். வயது பதின்மூன்றுக்கு மேல் இருக்காது. பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டேன். "படிப்பு ஏறலண்ணே" என்றான். சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். அந்த வயதுப் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று தீர்ப்பு எழுதியது யார்? 2016இல் திருத்திய சட்டப்படி பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பதினெட்டு வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள். அந்தப் பையன் எதைச் சுரண்ட வந்தான் என்று பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டிலேயே ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்று கட்டுப்படுத்திய இந்திய விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கார் பெயிண்டைக் காய்ந்த எம்ரி பேப்பரால் தேய்த்தால் எழும் தூசு மூச்சோடு உள்ளே போகும். இரத்தத்தில் ஈயத்துக்கு 'இவ்வளவு இருந்தால் பரவாயில்லை' என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது வளரும் பிள்ளையின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். படிப்பு ஏறவில்லை என்று சொல்லி, படிப்பு ஏறவே விடாத தூசில் அவனை உட்கார வைக்கிறோம். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

பையனைத் திருப்பி அனுப்பினோம். அவனுடைய அம்மாவிடமும் போய்ப் பேசினோம். பெரிய ஆள் வந்தார், கூலி கூடியது, வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து வேலை முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்: கொஞ்சம் பணம், கொஞ்சம் தாமதம். இதில் வீரம் ஒன்றும் இல்லை. ஆனால், இந்தக் கொஞ்சத்தைச் செய்ய மறுப்பதற்குத்தான் எத்தனை நியாயம் பேசுகிறோம்! "நாம இல்லைன்னா அவன் வேற பட்டறைக்குப் போவான்." போவான்தான். அதற்காக நம் கொட்டகையில் நடப்பதற்கு நாம் பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா?

பெயிண்ட் அடிப்பவர் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார். இன்றைய இரண்டு கலவைப் பெயிண்டில் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவை உண்டாக்கும். கைக்குட்டை அதைத் தடுக்காது. பிரேக் டிரம்மைத் திறந்ததும் கறுப்புத் தூசை வாயால் ஊதித் தள்ளுகிறார் மெக்கானிக். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்த இழை நுரையீரலில் போய்த் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரத்துணியால் துடைத்திருந்தால் அந்தத் தூசு பறந்திருக்காது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கிறார்கள். முட்டுக் கொடுப்பது செங்கல்லால். செங்கல் பிளந்தால்? அங்கேயும் ஒரு சாமி படம் மாட்டியிருக்கும். மாட்டட்டும். அதன் கீழே இரண்டு இரும்பு ஸ்டாண்டு இருக்க வேண்டாமா? பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகிற நீங்கள், இந்த வேலைக்கு மாஸ்க் யார் வாங்கிக் கொடுப்பது என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா?

பழைய எஞ்சினுக்குப் பழைய பெட்ரோல்தான் சரி, ஈயம் எடுத்த பிறகு பெட்ரோலில் சத்தே இல்லை என்று ஏங்குகிறவர்களும் உண்டு. எஞ்சினில் நாக் வராமல் இருக்கப் பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் கண்டுபிடித்தார்கள். அது நஞ்சு என்பது அப்போதே தெரியாத விஷயமா? ஈயத்தின் கேடு பல நூற்றாண்டாகத் தெரிந்ததுதான். ஆனாலும் விற்றார்கள். இந்தியாவில் அது முழுதாக நின்றது 2000 பிப்ரவரியில். உலகத்தின் கடைசிப் பங்கில் நின்றது 2021இல். ஒரு நூற்றாண்டு முழுக்கத் தெருவோரக் குழந்தைகள் அதைச் சுவாசித்தார்கள். பழைய எஞ்சினின் வால்வு சீட் தேயாமல் இருக்கக் கெட்டியான சீட் போட்டால் போதும். எந்த நல்ல லேத் பட்டறையிலும் முடிகிற வேலை.

எஞ்சினைக் கழுவிய பழைய ஆயில் எங்கே போகிறது? கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் ஒரு குழி. வேறு எந்த ஊர்க்காரர் இதைச் செய்தாலும் தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். திண்டுக்கல்காரர் அப்படிச் சொல்ல முடியுமா? தோல் பதனிடும் கழிவு இந்த மண்ணில் இறங்கி நம் கிணறுகளை என்ன செய்தது என்பது நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம். வேலூர் வழக்கு என்று சொல்லப்படும் 1996 ஆகஸ்டு 28 தீர்ப்பில், திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு இருக்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நம் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. முதலாளிகளைத் திட்டினோம், சரியாகவே திட்டினோம். நம் வீட்டுக் குழியில் ஊற்றும் ஆயிலுக்கும் பேட்டரி ஆசிட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தாதா? ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து தண்ணீர் வந்துவிடுகிறது என்பதற்காக, கிணற்றை நம்பிக் குடிக்கிறவரை மறந்துவிடலாமா?

சரி, வண்டி தயார். ஓடுகிறது. தெருவில் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். அதன் பிறகு? இதுதான் பலரும் யோசிக்காத கட்டம். வீட்டு வாசலில் பாதி இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முழங்கால் வலிக்காரர் வாக்கிங் ஸ்டிக்கோடு அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமையும் சேமிப்பும் அதற்குள் போய்க்கொண்டே இருக்கும். சட்டமும் அதன் இடத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த, அசல் உருவம் மாறாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக் கூடாது; கண்காட்சி, ஆய்வு, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். அதாவது, அது இனி பார்ப்பதற்கும் படிப்பதற்கும் உரிய பொருள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரில் உள்ள கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள்: நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். நம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றால் எலி கற்றுக்கொள்ளும்.

அப்பாவின் நினைவு என்பதை நான் லேசாக நினைக்கவில்லை. இறந்தவரின் கை பிடித்துத் தேய்ந்த ஸ்டீயரிங்கைத் தொடும்போது வருகிற துக்கம் உண்மையானது. அதைக் கேலி செய்வது பகுத்தறிவு ஆகாது. ஆனால், அந்தத் துக்கத்தைச் சுமப்பது நாம். ஸ்டீயரிங் எதையும் சுமக்கவில்லை. அப்பாவைப் பற்றிப் பேரன் பேத்திகளுக்கு உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லாதவர்கள்தான் வண்டியை வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நினைவைக் காப்பது உழைப்பு. அதை ஒரு தகரத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா?

விற்பது என்று முடிவானதும் புரோக்கர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நான் குறைகளைச் சொல்லத் தொடங்கினேன். பின் ஃப்ளோரில் இன்னும் துரு இருக்கிறது, இரண்டாம் கியர் சத்தம் போடுகிறது, டெம்பரேச்சர் மீட்டர் வேலை செய்யவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எதுக்குண்ணே சொல்லிக்கிட்டு? பட்டி பாத்து, அடியில அண்டர்கோட்டிங் அடிச்சு விட்ருவோம். சொன்னீங்கன்னா வெல பாதியாப் போயிரும்."

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டும் என்பது வியாபாரத்தில் பழைய கோட்பாடு. சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால், பட்டி எதற்காகப் பூசுகிறோம்? பார்த்து வாங்குகிறவனும் பார்க்க முடியாதபடி செய்வதற்குத்தானே? துருவின் மேல் பூசும் ஒவ்வொரு கரண்டிப் பட்டியும் வாங்குகிறவரின் கண்ணைக் கட்டுவது. பொய் பேசவில்லை, சும்மா இருந்தேன் என்பீர்கள். பேசாமல் இருந்தே ஒருவரைக் குழிக்குள் நடக்கவிட்டால், அவர் விழுந்ததில் உங்களுக்குப் பங்கு இல்லையா? மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பயத்தில் நேர்மையாக இருப்பவர், அவர் பார்க்கவில்லை என்று தோன்றும் நாளில் என்ன செய்வார்? நமக்கு எதிரே ஒரு மனிதர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது போதாதா?

ஒரு முழுத்தாளில் எழுதினேன். எங்கே துரு, எங்கே வெல்டிங், எந்தப் பாகம் அசல், எது வேறு வண்டியிலிருந்து எடுத்தது. பிரேக் ஒரே வரிசை, ஆயில் எப்போது மாற்றியது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு. வேகமாக வளைவில் போய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி கவிழலாம், என்பதையும் எழுதினேன். யார் யார் எந்த வேலை செய்தார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு பெயரும் போன் நம்பரும் எழுதினேன்.

வாங்க வந்தவர் கரூர்ப் பக்கத்துக்காரர். தாளை இரண்டு முறை படித்தார். விலையைக் குறைத்துக் கேட்டார், குறைத்தேன். பெயர் மாற்றத்துக்கு நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உரிமை மாறியதைப் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. நம் ஊரில் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி நாலு கை மாறிவிடும், ஆர்.சி. புக்கில் பெயர் மாறாது. அப்படிப் பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணமும் சொன்னது: அடிபட்டவர், யார் யாருக்கு விற்றார்கள் என்று தேடிக்கொண்டு அலையக் கூடாது. தீர்ப்பு விற்றவரைப் பயமுறுத்த வந்ததாகப் பலர் பேசுகிறார்கள். அது சாலையில் கிடக்கும் மனிதரை நினைத்து எழுதியது. பஞ்சாங்கம் யாரை நினைத்து எழுதியது?

இதை அவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க, செவ்வாக்கெழமையே போட்ருவோம்" என்றார். செவ்வாய்க்கிழமை படிவம் கொடுத்தோம். ஓட்டுவதற்கு முன் மாஸ்டர் சிலிண்டரை இரண்டு வரிசையாக மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் விண்டேஜ் பதிவுக்கு அசல் தன்மையைப் பார்ப்பார்கள், அதனால் ஆர்.டி.ஓ.விடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தாளில் இருந்த நம்பருக்குப் போன் செய்து டிங்கர் அண்ணனோடு அவரே பேசினார். பின் ஃப்ளோரை முழுக்க வெட்டிப் புதுத் தகரம் வைக்க அண்ணன் அடுத்த வாரம் கரூருக்குப் போனார். கூலி அண்ணன் சொன்னதுதான். போகும்போது இரண்டு மாஸ்க் வாங்கிக்கொண்டு போனார், கூட வரும் ஆளுக்கும் சேர்த்து.